கஞ்சியும் கணக்கும்

நம் மேசைமீது ஒரு நூல் கிடக்கிறது. வழவழப்பான தாள், வண்ண அட்டை, அட்டையிலே ஒரு சிறுமி. அவள் கையிலே தட்டு, தட்டிலே சோறு, முகத்திலே சிரிப்பு. புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் படங்கள். ஆசிரியர் பெயர் இல்லை, விலையும் இல்லை. வடசென்னையின் ஏழை எளியோருக்காகப் பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை அது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே கூறப்போவதில்லை. ஒருவரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. இத்தகைய அறிக்கைகள் பத்துப் பன்னிரண்டைத் தேடிப் படித்துவிட்டோம். பெயரை மறைத்துவிட்டால் எது எவருடையது என்று தெரியாது. அத்தனையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

கதையைத் திறனாய்கிறோம். கவிதையை நிறுத்துப் பார்க்கிறோம். நாடகத்தில் நாலாங் காட்சி நீளம் என்று குறை கூறுகிறோம். ஆனால், ஆண்டறிக்கையைத் திறனாய்ந்தார் எவரேனும் உண்டா? "அதுவும் ஒரு இலக்கியமோ?" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். இலக்கியந்தான் என்கிறோம் நாம். ஏழையைப் பற்றி இந்நாளில் மிகுதியாக எழுதப்படுவது சிறுகதையிலன்று, இத்தகைய அறிக்கையிலேதான். அதிலே ஏழை எப்படிக் காட்டப்படுகிறான், எவர் பேசுகின்றனர், எவர் வாய் மூடியிருக்கின்றனர் என்பதைப் பார்ப்பது திறனாய்வாளன் கடமையன்றோ?

அறிக்கையின் நடுப்பக்கத்திலே ஓர் ஊர்ப்பெயர் வருகிறது. சடையங்குப்பம். நாம் நன்கறிந்த ஊர். அதனால்தான் இதை எழுத அமர்ந்தோம்.

மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையிலே கிடக்கும் தாழ்வான நிலம் அது. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். புழல் ஏரி நிறைந்து வழியும்போது, உபரிநீர் நாரவாரிக்குப்பம், வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி என்று ஊர் ஊராகக் கடந்து கடைசியாகச் சடையங்குப்பத்தை அடைகிறது. மதகு திறக்குமுன் அரசு விடுக்கும் எச்சரிக்கையிலே இவ்வூரின் பெயர் தவறாமல் இடம் பெறும். 2011ஆம் ஆண்டிலே சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. மாநகரத்தின் பெயர் வந்தது, மழைநீர் மட்டும் பழைய வழியிலேயே வந்துகொண்டிருக்கிறது. இருளர் குடியிருப்பு ஒன்று உண்டு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் வாழும் பர்மா நகரும் உண்டு. சுற்றிலும் ஆலைகள், புகைபோக்கிகள், எண்ணெய்த் தொட்டிகள். நாட்டுக்கு எரிபொருள் வழங்கும் நிலத்திலே அடுப்பெரியாத வீடுகளும் இருக்கின்றன!

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள், மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையிலே, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. வீட்டுச் சுவரிலே கரும்பட்டை. வலையிலே பிசுக்கு. மீனிலே நாற்றம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. அரசு நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் 2,301க்குத் தலா 12,500 ரூபாய், படகுகள் 787ஐச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய், எண்ணெயால் தாக்குண்ட பகுதிகளின் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

நாம் பள்ளியிலே பாடஞ் சொல்பவர்கள். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பெருக்கச் சொன்னோம். அவர்கள் பெருக்கினர், கூட்டினர். எட்டுக்கோடியே அறுபத்தெட்டு இலட்சத்து எண்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. அரசு அறிவித்த தொகை 8 கோடியே 68 இலட்சம். "சரியா வருது சார்!" என்று வகுப்பே ஆரவாரித்தது. தம் தெருவுக்கு வந்த பணம் தம் பலகையிலே கணக்காக நின்றதைக் கண்ட மகிழ்ச்சி அது. பணம் போதுமா, உரியவர் அனைவருக்கும் சேர்ந்ததா என்பன வேறு கேள்விகள். அக்கேள்விகளை எழுப்பவும் இக்கணக்கே இடந்தருகிறது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், லாரி லாரியா அரிசி, போர்வை எல்லாம் வந்துச்சே, அதுக்கும் இப்படிக் கணக்குப் போடலாமா?"

நாம் விடையின்றி நின்றோம். போட இயலாது. எண்கள் நம்மிடம் இல்லை. அவளிடம் இல்லை. போர்வையைப் பெற்ற அவள் தாயிடமும் இல்லை. அந்த எண்களைத் தேடித்தான் நாம் ஆண்டறிக்கைகளைப் படிக்கலானோம்.

படித்தவுடன் புலனாவது இது: இவ்விலக்கியத்திலே பெற்றவர் பேசுவதில்லை, கொடுத்தவரே பேசுகிறார். நம் பழந்தமிழ் நாட்டிலும் கொடையைப் பாடும் இலக்கியம் இருந்தது. ஆற்றுப்படை என்று அதற்குப் பெயர். புரவலனைப் புகழ்வதுதான் அதன் தொழில் என்று குறை கூறுவாரும் உளர். குறை இருக்கட்டும். அங்கே பேசுகிறவன் யார்? பரிசில் பெற்றவன்! பெற்றுத் திரும்புகிறவன், பெறாது வாடுகிறவனைப் பார்த்து, இன்ன வழியே போ, இன்னது கிடைக்கும் என்கிறான். பெற்றவன் வாக்குமூலம் அது. சிறுபாணாற்றுப்படையிலே நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்ற பாணன் தன் பழைய வறுமையைக் கூறும் பகுதி உண்டு. இடிந்த அடுக்களை. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய். குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்த மனையாள், அதை உண்ணும்போது பிறர் காணாதபடி வாயிலை அடைக்கிறாள். நாணம்! வறுமையினும் பெரிது அந்த நாணம் என்பதை உணர்ந்து எழுதியவர் அப்புலவர்.

இன்றைய அறிக்கை என்ன செய்கிறது? அடைத்த கதவைத் திறக்கிறது. படப்பெட்டியை உள்ளே நீட்டுகிறது. உப்பில்லாக் கீரையையும் உண்பவளையும் படமெடுத்து, கீழே "பயனாளி" என்று அச்சிடுகிறது. அவள் பெயர் என்ன? என்ன தொழில் செய்கிறாள்? எத்தனை மணிக்கு எழுந்து, எத்தனை தொலைவு நடந்து, எந்த ஆலைவாயிலிலே ஒப்பந்தக் கூலியாய் நிற்கிறாள்? எதுவும் இல்லை. உழைப்பாளி பயனாளி ஆகிவிட்டாள்! ஊருக்குப் பயன் விளைவிப்பவளை, பிறரிடம் பயன் பெறுபவள் என்ற ஒரே சொல்லிலே அடக்கிவிட்டனர்.

சொல்தானே என்று தள்ளாதீர்கள். சொல்லிலிருந்துதான் முறை பிறக்கிறது. உறுப்பினர் என்றால் கூட்டத்துக்கு அழைக்கவேண்டும். பங்குதாரர் என்றால் கணக்குக் காட்டவேண்டும். பயனாளிக்கு? வரிசையில் நிற்கச் சொன்னால் போதும்.

இனிக் கடைசிப் பக்கங்களுக்கு வருவோம். வரவு செலவும் ஐந்தொகையும் அங்கேதான் உள்ளன. எழுத்து சிறுத்திருக்கிறது, மொழி ஆங்கிலமாகிவிட்டது. படங்களுக்குக் கீழே தமிழ், பணத்துக்குக் கீழே ஆங்கிலம்!

கணக்கே இல்லை என்று நாம் கூறவில்லை. கூறினால் அது பொய். இந்நாட்டிலே தொண்டு நிறுவனம் எழுதவேண்டிய கணக்குகள் ஏராளம். சங்கமாகப் பதிந்திருந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்குக் கணக்கு. வரிவிலக்கு வேண்டுமாயின் ஆண்டு வருவாயில் நூற்றுக்கு 85 பங்கை அறப்பணிக்கே செலவிட்டதாக வருமான வரித் துறைக்குக் கணக்கு. அயல்நாட்டுப் பணம் வந்தால் அது முதலில் புதுடில்லியிலே பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையிலே இறங்கவேண்டும். அதற்குத் தனிக் கணக்கு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, நிகர இலாபம் 5 கோடி ரூபாயை எட்டும் கம்பெனி, முந்திய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைப் பெற்ற நிறுவனம் அந்தக் கம்பெனிக்குக் கணக்குக் காட்டுகிறது.

ஆக, பதிவாளருக்குக் கணக்கு, வரித்துறைக்குக் கணக்கு, டில்லிக்குக் கணக்கு, கொடையாளருக்குக் கணக்கு. எவர் பெயரைச் சொல்லி அப்பணம் திரட்டப்பட்டதோ, அந்தச் சடையங்குப்பத்துத் தாய்க்கு மட்டும் கணக்கில்லை! கணக்கு மேல்நோக்கியே போகிறது. கீழ்நோக்கி வருவதில்லை. இதுவே நம் குற்றச்சாட்டு. திருடுகிறார்கள் என்பதன்று. திருடாதவர்களும் கணக்கைக் கீழே காட்டுவதில்லை என்பதே.

இது இன்று பிறந்த வழக்கமன்று. நம் வடசென்னையிலேயே இதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஐதர் அலியோடு நிகழ்ந்த போரால் நாட்டுப்புறம் பாழாகி, பசித்தோர் பட்டணத்தை நாடி வந்த காலம். 1782ஆம் ஆண்டிலே இராயபுரத்தின் அருகே அவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஓரிடம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். ஆங்கிலேயர் நாவில் அது "மணேகார் சவுல்ட்ரி" என்று திரிந்தது. மக்களோ அதைக் கஞ்சித் தொட்டி என்றனர். 1799ஆம் ஆண்டிலே ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நம் மக்களுக்கு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1910ஆம் ஆண்டிலே அரசு அம்மருத்துவமனையை ஏற்றது. 1938ஆம் ஆண்டிலே அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக மலர்ந்தது. இன்றும் வடசென்னை முதியோர் "கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி" என்றுதான் அதைக் கூறுகின்றனர்.

பெயர் மாறவில்லை, முறை மாறிவிட்டது. கஞ்சித் தொட்டியிலே நிற்பவன், "இன்று எத்தனை படி அரிசி உலையிலிட்டீர்?" என்று கேட்க முடியாது. கேட்டால் அகப்பை நின்றுவிடும். ஸ்டான்லிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதைச் சட்டமன்றத்திலே கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு, பத்து ரூபாய்க் கட்டணத்திலே எவரும் கேட்கலாம். கருணை உரிமையானதன் அடையாளம் கேள்வி கேட்கும் வாய்ப்புத்தான். அரசுப் பணத்தைப் பெருமளவில் பெறும் தொண்டு நிறுவனங்களும் இச்சட்டத்துக்குட்பட்டவையே என்று உச்சநீதிமன்றம் 2019ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் தனியார் கொடையிலே நடப்பனவற்றிடம் எவர் கேட்பது? எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது?

கணக்கைக் கேள்வி கேட்பதனால் என்ன பயன் என்பாருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம். சிக்கனம் செய்யவென்று வைசிராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையிலே உழைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று அளவு வகுத்தார். ஏட்டிலே பார்த்தால் சிக்கனம்! சென்னையின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் அதை ஏற்கவில்லை. மண் சுமக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று எதிர்க்கணக்கு எழுதினார். கடுமையான வாதம் நடந்தது. 1877ஆம் ஆண்டிலேயே அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. கணக்கைக் கணக்காலே எதிர்த்ததன் விளைவு, பட்டினி கிடந்தோர் தட்டிலே கொஞ்சம் கூடுதல் சோறு.

அதே பஞ்சத்துக்காக இலண்டனிலே மாளிகை இல்ல நிதி என்று பெருந்தொகை திரட்டப்பட்டது. சென்னைக் குழுவின் செயலாளராயிருந்த வில்லியம் டிக்பி, பஞ்ச நிவாரணத்தைப் பற்றி 1878ஆம் ஆண்டிலே இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். விரிவான நூல், பாராட்டவேண்டிய உழைப்பு. ஆனால் அது ஆங்கிலத்திலே, ஆங்கிலம் அறிந்தோருக்காக எழுதப்பட்டது. அந்த நாள்களிலே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கப் பஞ்சக் கூலிகள் ஒரு கால்வாயை வெட்டினர். அதன்பின், அதற்கும் முன்னரே வெட்டப்பட்டிருந்த எண்ணூர்க் கால்வாய் உட்பட, முழு நீர்வழிக்கும் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. சடையங்குப்பத்துக்குப் பக்கத்திலே இன்று கறுத்துக் கிடக்கும் அதே கால்வாய்! வெட்டியவனுக்குப் பெயரில்லை, கணக்கும் காட்டப்படவில்லை. நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிறது. கால்வாயின் நிறம் மாறியது, கணக்குப் போகும் திசை மாறவில்லை.

திருவொற்றியூர்க் கோயிலுக்குச் செல்வோர் கற்சுவரைச் சற்றே உற்றுப் பார்க்கட்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே நிறைய உண்டு. அக்காலக் கோயில்களிலே நந்தாவிளக்குக்குக் கொடை என்றால் 90 ஆடு, 96 ஆடு, நாள்தோறும் உழக்கு நெய், ஆட்டைப் பெற்றவன் இன்னான், அளக்கவேண்டியது இவ்வளவு என்று கல்லிலே வெட்டிவைப்பது வழக்கம். ஊரார் கண்ணெதிரே, ஊர் பேசும் மொழியிலே! ஆண்டவன் விளக்குக்கு ஊற்றிய நெய்க்குக் கல்லிலே கணக்கு எழுதிய நாட்டிலே, ஆயிரம் ஆண்டு கழித்து, ஏழைப்பிள்ளை குடித்த பாலுக்குத் தெருச்சுவரிலே கரித்துண்டால் எழுதிய கணக்கேனும் உண்டா?

"அவர்களுக்குக் கணக்குப் புரியாது" என்பார் சிலர். படித்தவர் வாயிலிருந்தே இச்சொல்லைக் கேட்டிருக்கிறோம். இதைவிடப் பெரிய அறியாமை வேறில்லை. சீட்டுப் பிடிக்கும் பெண்ணுக்கா கணக்குத் தெரியாது? தள்ளுக் காசு எவ்வளவு, தவணை எத்தனை, யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பதெல்லாம் விரல்நுனியிலே வைத்திருக்கிறாள். 1989ஆம் ஆண்டிலே தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பின்னர்த் தமிழகம் முழுதும் பரவின. கூட்டம் கூடுகிறது, பதிவேடு திறக்கப்படுகிறது, சேமிப்பும் கடனும் வாய்விட்டுப் படிக்கப்படுகின்றன, உறுப்பினர் கையெழுத்திடுகின்றனர். வங்கியிடம் கடன் பெற்றுத் தவணை தவறாது செலுத்தும் பெண்கள், போர்வைக் கணக்கைப் புரிந்துகொள்ள மாட்டார்களாம்!

இன்னொரு சான்றும் இந்நகரத்திலேயே உண்டு. 1978ஆம் ஆண்டிலே ஜெயா அருணாசலம் அம்மையார் சென்னையின் குடிசைப் பகுதிகளிலே, கூடை சுமந்து விற்கும் பெண்களையும் தெருவோரச் சிறுகடைப் பெண்களையும் சேர்த்து உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். தொடக்கத்திலே அரசுடைமை வங்கிகளின் நூற்றுக்கு 4 வட்டிக் கடனைப் பெற்றுத் தந்தனர். வங்கிப் படிவமும் வங்கி நேரமும் கூடைக்காரிக்கு ஒத்துவரவில்லை. 1981ஆம் ஆண்டிலே தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அங்கே கடன் பெறுபவளே பங்கு வைத்திருப்பவள். அவள் "பயனாளி" அல்லள், உறுப்பினள். பணத்தின் உடைமையிலே அவளுக்குப் பங்கு இருப்பதால், கணக்கைக் கேட்கும் உரிமை அவளுடையது. எவரும் அதை இரக்கப்பட்டு வழங்கவேண்டியதில்லை. குறையே இல்லாத அமைப்பு என்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஏழைக்குக் கொடுப்பது என்ற நிலையிலிருந்து, ஏழை உடையவளாவது என்ற நிலைக்கு அது ஒரு படி ஏறிற்று.

இதுவரை தொண்டு நிறுவனங்களைச் சாடினோம். நடுவுநிலை தவறாமலிருக்க, கொடையாளரையும் இரண்டு வார்த்தை கேட்டாகவேண்டும்.

"நாங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் ஏழைக்கே போகவேண்டும், நிருவாகச் செலவுக்குத் தரமாட்டோம்" என்கின்றனர் கொடையாளர். கேட்கச் செவிக்கு இனிமை! ஆனால் நிருவாகச் செலவு என்பது யாது? மாலைவகுப்பு நடத்தும் ஆசிரியைக்குச் சம்பளம் தரவேண்டாமா? வீடுவீடாகச் சென்று நோயாளியைப் பார்ப்பவருக்குப் பேருந்துக் கட்டணம் வேண்டாமா? கணக்கெழுதுபவருக்கு ஊதியமின்றி ஒழுங்கான கணக்கு எங்கிருந்து வரும்? அயல்நாட்டுக் கொடையிலே நிருவாகத்துக்குரிய உச்சவரம்பு முன்பு நூற்றுக்கு 50ஆக இருந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 20ஆகக் குறைந்தது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவிலும் கம்பெனியின் நிருவாகச் செலவு நூற்றுக்கு 5ஐத் தாண்டக் கூடாது. ஊதாரித்தனத்தை அடக்க வரம்பு வேண்டியதுதான். ஆனால் அரிசி மூட்டைக்கு எளிதில் பணம் கிடைக்கிறது, ஆசிரியைக்குக் கிடைப்பதில்லை என்ற நிலை வந்தால், நாட்டிலே அரிசி மூட்டைத் தொண்டுதான் வளரும். மூட்டையைப் படமெடுக்கலாம். எழுத்தறிவைப் படமெடுக்க முடியாதே!

இதை நாம் கண்ணாரக் கண்டோம். அப்பகுதியிலே ஒரு மாலைவகுப்பு நடந்தது. நாமும் ஓராண்டு அங்கே போய்வந்தோம். நாற்பது பிள்ளைகள். எட்டாம் வகுப்பிலே இருந்தும் எழுத்துக்கூட்டத் தடுமாறியவர்கள், ஆண்டு முடிவதற்குள் செய்தித்தாளைத் தடங்கலின்றிப் படிக்கலாயினர். மார்ச்சு மாதம் வந்தது. "திட்டம் முடிந்தது" என்றனர். ஏன் முடிந்தது, எவ்வளவு வந்தது, எதில் செலவாயிற்று, மீண்டும் தொடங்க எவ்வளவு வேண்டும் என்று எவரும் எவருக்கும் கூறவில்லை. ஏப்ரலிலே ஒருநாள் மாலை அவ்வழியே சென்றோம். பூட்டிய கதவின் படியிலே ஆறு பிள்ளைகள் புத்தகப் பையோடு அமர்ந்திருந்தனர். ஒருவன் மற்றவர்களுக்கு வாய்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தெருப் பெண்களிடம் கணக்கு முன்பே காட்டப்பட்டிருந்தால்? மாதம் இவ்வளவு ஆசிரியைக்கு, இவ்வளவு வாடகைக்கு, இவ்வளவு விளக்குக்கு என்று அறிந்திருந்தால்? சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்கள் வகுப்பையும் பிடித்து நிறுத்தியிருக்க மாட்டார்களா? வாடகையைத் தாங்கள் ஏற்று, மற்றதை மாநகராட்சியிடம் கேட்டுப் போராடியிருக்க மாட்டார்களா? அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. பயனாளிகளிடம் யார் கேட்பார்கள்!

மக்கள் மன்றத்திலே கணக்கோடு நிற்கும் திட்டம் எளிதில் சாவதில்லை. 1920ஆம் ஆண்டிலே, தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஓரணா! ஊரறிந்த கணக்கு. 1925ஆம் ஆண்டிலே ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்யலாகாது என்று அன்றைய அரசு தடுத்தது. தடுத்தும் அந்த எண்ணம் மாளவில்லை. காமராசர் காலத்து மதிய உணவாக வளர்ந்தது, 1982ஆம் ஆண்டிலே சத்துணவாக விரிந்தது, 2022ஆம் ஆண்டிலே காலை உணவாகவும் வந்து நின்றது. அந்த ஓரணா எவருடைய கருணையாகவும் மறைந்திருக்கவில்லை. பொதுப்பணமாக, மன்றத்தின் தீர்மானமாக, கேள்வி கேட்கத்தக்க கணக்காக இருந்தது. நீண்டு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்போம்.

மற்றொன்றையும் தெளிவாக்கவேண்டும். இழப்பீடு வேறு, கொடை வேறு. ஒருவன் வலையைக் கெடுத்துவிட்டு வலை வாங்கிக் கொடுத்தால் அது கடன் தீர்ப்பது, தருமமாகாது. தொழிற்பேட்டைகள் சூழ்ந்த ஊர்களிலே, சட்டப்படி செலவிடவேண்டிய பணத்தையும், கெடுதிக்கு ஈடாகத் தரவேண்டிய பணத்தையும், மனமிரங்கித் தந்த பணத்தையும் ஒரே பக்கத்திலே "நற்பணி" என்று எழுதுவது தவறான கணக்கு. மூன்றுக்கும் மூன்று பத்திகள் வேண்டும். கடமையைக் கருணை என்று எழுதுபவர், பெறுபவரை நன்றிக்கடனிலே தள்ளுகிறார்.

அப்படியானால் என்ன செய்யவேண்டும்? பெரிய சட்டமோ, பெரிய செலவோ வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தான் பணிசெய்யும் தெருவிலே, மூன்று திங்களுக்கு ஒருமுறை, வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பிய மாலைப்பொழுதிலே கூட்டம் கூட்டட்டும். வந்தது இவ்வளவு, சென்றது இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று தமிழிலே வாய்விட்டுப் படிக்கட்டும். படித்ததைச் சுவரிலே எழுதட்டும். சம்பளத்தை மறைக்கவேண்டாம். உழைத்தவர் ஊதியம் பெறுவதிலே வெட்கம் என்ன? திட்டம் எந்த நாளிலே முடியும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே சொல்லட்டும். நிருவாகக் குழுவிலே பாதி இடத்தை அந்தத் தெருக்காரருக்கே தரட்டும். படமெடுக்குமுன் வாயிலிலே நின்று கேட்கட்டும். மறுத்தால், மூடிய கதவை மூடியபடியே விட்டுத் திரும்பட்டும்.

"மக்கள் சண்டையிடுவார்களே!" என்று அஞ்சுகின்றனர். இடட்டும்! சட்டமன்றத்திலே வரவு செலவுத் திட்டத்தின்மேல் சண்டை நடக்கவில்லையா? கம்பெனிப் பங்குதாரர் கூட்டத்திலே கேள்விக்கணைகள் பறக்கவில்லையா? செல்வர் கேட்டால் உரிமை, ஏழை கேட்டால் நன்றிகெட்டதனமா? கேள்வி கேட்கும் இடத்திலேதான் நம்பிக்கை வேரூன்றும். கேள்வியில்லாத இடத்திலே வளர்வது ஐயம். இன்றும் தெருக்குழாயடியிலே, "எவ்வளவு வந்ததோ, யார் தின்றாரோ" என்று பேச்சு அடிபடுகிறது. நேர்மையாய் உழைக்கும் தொண்டர்களும் அந்த ஐயத்துக்கு இரையாகின்றனர். கணக்கைக் காட்டுவது அவர்களுக்கும் காப்பு.

கஞ்சி பசியைத் தீர்க்கும், அதை நாம் இகழவில்லை. வெள்ளத்திலே கழுத்தளவு நீரில் நின்றவருக்கு முதலில் வேண்டியது சோறுதான். இரவு பகல் பாராது படகிலே அதைக் கொண்டுசேர்த்த இளைஞர்களை வணங்குகிறோம். ஆனால் வெள்ளம் வடிந்தபிறகும் அகப்பை ஒருவர் கையிலும் தட்டு ஒருவர் கையிலுமே இருக்கவேண்டுமா? கஞ்சியோடு கணக்கும் வரட்டும். அன்றுதான் தட்டேந்தியவர் தலை நிமிர்வார்.

எதிரிலே கிடக்கும் அறிக்கையை மூடுகிறோம். அட்டையிலே அந்தச் சிறுமி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெயர் அச்சிடப்படவில்லை. அவளொத்த ஒருத்தி நம் வகுப்பின் பின்வரிசையிலே, எழுதுகோலைக் கையிலே வைத்துக்கொண்டு, எண்களுக்காகக் காத்திருக்கிறாள். பெருக்கவும் கூட்டவும் அவளுக்குத் தெரியும். எண்களைத் தரவேண்டியவர்கள் தரட்டும்.